சீனாவில் வங்கிக் கணக்கு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சீனாவில் வேலை பார்க்கிற, படிக்கிற நம்மவர்களுக்கு வங்கிக் கணக்கு நின்றுபோவது சின்ன விஷயமல்ல. காய்கறிக் கடை முதல் மருத்துவமனை வரை எல்லா இடத்திலும் வீசாட் அல்லது அலிபே என்ற கைபேசிச் செயலியில்தான் பணம் கட்டுகிறோம். அந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு வங்கி அட்டை. அது முடங்கினால் வாடகை, மெட்ரோ, சாப்பாடு எல்லாம் சேர்ந்தே நிற்கும். கணக்கு தொடங்குவது எப்படி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். தொடங்கிய பிறகு வரும் கோளாறுகளை எப்படிச் சரி செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீனக் குடிமக்களுக்கு 18 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாது. வங்கி, தொலைபேசி நிறுவனம், வரித்துறை, பணம் செலுத்தும் செயலிகள் எல்லாமே அந்த மாறாத எண்ணை நம்பிக் கட்டப்பட்டவை. நம்மிடம் அந்த எண் இல்லை. பாஸ்போர்ட் எண்தான் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது அது மாறும். பெயரும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி பதிவாகிறது. ஆகவே நமக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அட்டையின் கோளாறு இல்லை, செயலியின் கோளாறும் இல்லை. பெயர், பாஸ்போர்ட் எண், கைபேசி எண் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று, ஏதோ ஓர் இடத்தில் பழையதாக நிற்கிறது. அது எது, எங்கே என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான். வங்கியில் உங்கள் பெயர் எந்த வரிசையில், எங்கெங்கே இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்கிறது, எந்த பாஸ்போர்ட் எண், எந்தக் கைபேசி எண் என்று கவுன்டரில் கேட்டு ஒரு தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படம் பிடித்து வைத்தால் கீழே வரும் பல சிக்கல்களில் நேரம் மிச்சம்.

வீசாட்டில், அலிபேயில் அட்டையைச் சேர்க்கும்போது "விவரம் ஒத்துப்போகவில்லை" என்று வருகிறது

தமிழர்களுக்கு அதிகம் வருகிற கோளாறு இதுதான். நம் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் என்ற கட்டம் சிலருக்குக் காலியாக இருக்கும். சிலருக்கு அதில் அப்பா பெயர் இருக்கும். சிலருக்கு இரண்டு பெயரும் சேர்ந்து மற்றொரு கட்டத்தில் இருக்கும். முத்துக்குமார் என்பவரின் அப்பா சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஊழியர் இதை "சுப்பிரமணியன் முத்துக்குமார்" என்று பதிந்திருக்கலாம், "முத்துக்குமார் சுப்பிரமணியன்" என்றும் பதிந்திருக்கலாம், நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாகவும் பதிந்திருக்கலாம். கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்து வாசிக்கும் கிளைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளில், பெயருக்கு ஒதுக்கிய இடம் 39 எழுத்துகள் மட்டும். நம் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தால் சிலருக்கு இது போதாது. அப்போது வங்கியில் பெயர் வால் அறுந்து பதிவாகும். நீங்கள் செயலியில் முழுப் பெயரையும் தட்டச்சு செய்தால் ஒத்துப்போகாது.

சரி, என்ன செய்வது? வங்கி அச்சிட்டுத் தந்த தாளில் இருக்கிறபடியே, பெரிய எழுத்தில், அதே இடைவெளியோடு தட்டச்சு செய்து பாருங்கள். ஏற்கவில்லை என்றால் இடைவெளி இல்லாமல் ஒருமுறை, வரிசையை மாற்றி ஒருமுறை. அடுத்தடுத்துத் தவறானால் செயலி அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும். மீதியை மறுநாள் பார்க்கலாம்.

அப்படியும் சேரவில்லை என்றால் வங்கிப் பதிவையே திருத்தச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசைப்படி எழுத வைப்பதுதான் நீண்ட காலத்துக்கு நல்லது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வீசாட்டும் அலிபேயும் உங்களை முதன்முதலில் எந்தப் பெயரோடு உறுதி செய்தனவோ, அடுத்து சேர்க்கும் அட்டைக்கும் அதே பெயரைத்தான் எதிர்பார்க்கும். ஆகவே முதல் வங்கியில் ஒரு மாதிரியும் இரண்டாவது வங்கியில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால், இரண்டாவது அட்டை சேரவே சேராது. இரண்டாவது கணக்கு தொடங்கப் போகும்போது முதல் வங்கியின் தாளை எடுத்துப்போய், "இதே மாதிரி பதியுங்கள்" என்று காட்டுவது சுலபமான வழி.

பெயர் சரியாக இருந்தும் மறுக்கிறதா? கைபேசி எண்ணைப் பாருங்கள். வங்கியில் பதிந்த எண், நீங்கள் செயலியில் தருகிற எண், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த சிம் உங்கள் பாஸ்போர்ட்டில்தான் வாங்கியதாக இருக்க வேண்டும். வந்த புதிதில் அலுவலகத்தில் யாரோ தன் பெயரில் வாங்கிக்கொடுத்த சிம்மை வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். நம்பிக்கையான நண்பராகவே இருந்தாலும் அந்த எண்ணை வங்கியோடு இணைக்காதீர்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று எதுவுமே போகவில்லை

சம்பளம் உள்ளே வருகிறது, வெளியே ஒரு யுவான்கூடப் போகவில்லை என்றால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்: வங்கியில் பதிந்திருக்கும் ஆவணத்தின் தேதி முடிந்துவிட்டது. சில வங்கிகள் பாஸ்போர்ட் முடியும் நாளைப் பதிகின்றன. சில வங்கிகள் ரெசிடென்ஸ் பெர்மிட் (சீனாவில் தங்குவதற்கான அனுமதி) முடியும் நாளைப் பதிகின்றன. பெர்மிட்டை நீங்கள் ஒழுங்காகப் புதுப்பித்திருப்பீர்கள். ஆனால் அது வங்கிக்குத் தானாகத் தெரியாது. கவுன்டருக்கு வெளியே நடக்கும் சேவைகளை மட்டும் நிறுத்திவிடுவார்கள். பணம் எங்கும் போகாது, பயப்பட வேண்டாம்.

பெர்மிட் மட்டும் மாறியிருந்தால், பாஸ்போர்ட்டோடும் அட்டையோடும் கவுன்டருக்குப் போய்ப் புதிய தேதியைப் பதியச் சொன்னால் போதும். சிக்கல், புதுப்பிக்கும் காலத்தில்தான். பெர்மிட் முடிய 30 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பித்தால் குடிவரவு அலுவலகம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தரும். முடிவு சொல்ல 15 நாள்வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த ரசீதை ரயிலுக்கும் விடுதிக்கும் காட்டலாம். பல வங்கிக் கிளைகள் ஏற்பதில்லை. ஆகவே பெர்மிட்டுக்குக் கொடுக்கும் முன்பே வாடகையைக் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரச் செலவுக்கு ரொக்கம் எடுத்து வையுங்கள். ரொக்கத்தை வாங்க மாட்டேன் என்று கடைகள் மறுக்கக் கூடாது என்பது சீன மத்திய வங்கியின் விதி. சில்லறை தேடிக் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், ஆனாலும் வாங்குவார்கள்.

பாஸ்போர்ட்டே மாறியிருந்தால் கதை பெரிது. இங்கே வரிசை முக்கியம். வரிசை தவறினால் ஒரே அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறை அலைய வேண்டிவரும். முதலில் புதிய பாஸ்போர்ட்டுக்கு ரெசிடென்ஸ் பெர்மிட்டை மாற்றுங்கள். விவரம் மாறிய 10 நாளுக்குள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்து காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு. அதற்கப்புறம் தொலைபேசி நிறுவனத்தில் சிம்மின் பதிவை மாற்றுங்கள். வங்கிக்கு அதன் பிறகுதான் போக வேண்டும், ஏனென்றால் உங்கள் எண் யார் பெயரில், எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று வங்கி தொலைபேசி நிறுவனத்திடம் சரிபார்க்கக்கூடும். சிம் பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். வங்கி முடிந்த பிறகு வீசாட், அலிபே, ரயில் முன்பதிவு, சமூகக் காப்பீடு.

வங்கிக்குப் பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போக வேண்டும். இரண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று ஊழியர் தயங்குவார். இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும், அது வழங்கப்பட்ட தேதியும் இடமும் அச்சிடப்பட்டிருக்கும். பலருக்கு இது இருப்பதே தெரியாது. அந்தப் பக்கத்தைத் திறந்து, பழைய பாஸ்போர்ட்டின் எண்ணைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பேச்சுக்கே இடமில்லாமல் பல கிளைகளில் வேலை முடிந்துவிடும். பழையது தொலைந்திருந்தால் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சான்று வாங்கிவரச் சொல்லலாம். அதற்கு நாளாகும் என்பதால், ரத்து செய்யப்பட்ட பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப்போடாமல் பத்திரமாக வையுங்கள்.

வரித்துறையையும் மறந்துவிடாதீர்கள். புதிய பாஸ்போர்ட் எண்ணில் அலுவலகம் வரி கட்டத் தொடங்கினால், வரித்துறையின் கணினியில் நீங்கள் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவீர்கள். இரண்டையும் இணைக்கச் சொல்லி வரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். இதை ஏன் வங்கிக் கட்டுரையில் சொல்கிறேன் என்பது, ஊருக்குப் பணம் அனுப்பும் பகுதிக்கு வரும்போது தெரியும்.

ஓடிபி வரவில்லை

சீனாவில் இருந்துகொண்டே வரவில்லை என்றால் மூன்று காரணங்கள். சிம்மில் பாக்கி தீர்ந்து இணைப்பு நின்றிருக்கலாம். கைபேசியின் விளம்பரத் தடுப்பு, வங்கிக் குறுஞ்செய்தியையும் சேர்த்துத் தடுத்திருக்கலாம். தடுக்கப்பட்ட செய்திகளின் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூன்றாவது, வங்கியில் இருப்பது உங்கள் பழைய எண். இந்த மூன்றாவதைக் கவுன்டரில்தான் மாற்ற முடியும். "யூலியூ ஷோவ்ஜி ஹாவ்" என்று சொன்னால் வங்கியில் பதிந்த கைபேசி எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். பழைய எண்ணை ஒப்படைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்கு விற்கும். அவர் அதே எண்ணில் வீசாட் தொடங்கிவிட்டால் உங்கள் வேலை இரட்டிப்பாகும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வரவில்லை என்றால் ரோமிங். கிளம்பும் முன்பே தொலைபேசி நிறுவனத்தின் செயலியிலோ கடையிலோ அதைத் திறந்து வைக்க வேண்டும். போன பிறகு திறக்கலாம் என்று விட்டால், அதைத் திறக்கவே ஓடிபி கேட்கும். இந்தியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. ஊரில் உட்கார்ந்துகொண்டு வீசாட் வழியாகச் சீன வீட்டு வாடகை கட்டலாம் என்று எண்ணாதீர்கள். கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

"வரம்பு தாண்டிவிட்டது" என்று வருகிறது

கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரருக்கு அனுப்ப முடியவில்லை. சீன நகரங்களில் மூன்று மாத வாடகையையும் ஒரு மாத முன்பணத்தையும் சேர்த்துக் கேட்பது வழக்கம் என்பதால் இது முதல் மாதத்திலேயே வந்து நிற்கும்.

முதலில் உங்கள் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். 2016 டிசம்பரிலிருந்து தனிநபர் கணக்குகள் மூன்று வகை. முதல் வகைதான் முழுமையான கணக்கு. ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒன்றுதான் தருவார்கள். இரண்டாம் வகையில் வெளியே போகும் பணத்துக்கு நாளொன்றுக்கு 10,000 யுவான், வருடத்துக்கு 2,00,000 யுவான் என்ற வரம்பு உண்டு. மூன்றாம் வகையில் 2,000 யுவானுக்கு மேல் இருப்பே வைக்க முடியாது. அதே வங்கியில் பழைய ஊரில் எப்போதோ தொடங்கி மறந்த அட்டை முதல் வகையாக இருந்தால், புதிய ஊரில் தருவது இரண்டாம் வகையாகிவிடும். கவுன்டரில் "ஈ லெய் கா" வேண்டும் என்று கேளுங்கள். பழையது இருந்தால் அதை மூடவோ வகை மாற்றவோ வேண்டும்.

முதல் வகையாக இருந்தும் வரம்பு குறைவு என்றால், அது மோசடித் தடுப்புக்காக வங்கி வைத்தது. மோசடிக்குப் பயன்படும் வங்கி அட்டைகளையும் சிம்களையும் ஒழிக்க 2020 அக்டோபரில் தொடங்கிய நடவடிக்கை, 2022 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு மோசடித் தடுப்புச் சட்டம் இரண்டுக்கும் பிறகு, புதிய கணக்குகளுக்குக் கிளைகள் மிகக் குறைந்த தினசரி வரம்புதான் கொடுக்கின்றன. சீனர்களுக்கும் இதே நிலைதான். வெளிநாட்டவர் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று மனம் நோக வேண்டாம். வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், சில மாதச் சம்பள வரவு, இவற்றைக் காட்டினால் உயர்த்துவார்கள். "உயர்த்துங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் மறுப்பு வரும். "வாடகை இவ்வளவு, இந்தத் தேதியில், இந்த ஒப்பந்தப்படி" என்று தாளைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் எதுவுமே நடக்காத கணக்கையும் வங்கி நிறுத்திவைக்கும். உபரியாக ஓர் அட்டை வைத்திருந்தால் மாதம் ஒருமுறை அதில் தேநீராவது வாங்குங்கள்.

இந்திய அட்டையையோ வேறு வெளிநாட்டு அட்டையையோ அலிபேயில், வீசாட்டில் சேர்த்திருப்பவர்களுக்கு வரம்பு வேறு. 2024 மார்ச்சிலிருந்து ஒரு முறைக்கு 5,000 டாலர், வருடத்துக்கு 50,000 டாலர்வரை உயர்த்தியிருக்கிறார்கள். 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதக் கட்டணம் உண்டு. இப்படிச் சேர்த்த அட்டையில் கடைக்குக் கொடுக்கலாம், நண்பருக்கு அனுப்ப முடியாது. அது கோளாறு இல்லை.

ஏடிஎம் தகராறுகள்

சீன அட்டைகளின் பின் எண் ஆறு இலக்கம். மூன்று முறை தவறாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். மறுநாள் திறக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டோடு கவுன்டர். ஒரு நாளில் ஓர் அட்டையில் எடுக்கக்கூடியது 20,000 யுவான். சீன அட்டையை வெளிநாட்டு ஏடிஎம்மில் பயன்படுத்தினால், எல்லா அட்டைகளும் சேர்த்து ஒருவருக்கு வருடத்துக்கு 1,00,000 யுவான் மட்டும். இயந்திரம் அட்டையை விழுங்கினால் அங்கேயே நின்று, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் வங்கி எண்ணை அழையுங்கள்.

செயலி 18 இலக்க எண் கேட்கிறது, முகத்தைக் காட்டினாலும் ஏற்கவில்லை

செயலி உங்கள் முகத்தைக் குடிமக்கள் பதிவேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிடப் பார்க்கிறது. நம் படம் அங்கே இல்லை. எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை, நேரே கவுன்டருக்குப் போங்கள். நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் நிலை மட்டும் கொஞ்சம் தேவலை: 2023 டிசம்பரிலிருந்து வரும் புதிய அட்டையில் 18 இலக்க எண் இருக்கிறது.

கணக்கை முடக்கிவிட்டார்கள்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். முடக்கம் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வங்கியே சந்தேகப்பட்டு நிறுத்துவது. இரவில் திடீரென்று பெரிய தொகை வந்து உடனே வெளியே போனது, ஒரே நாளில் பலரிடமிருந்து சின்னச் சின்னத் தொகைகள் வந்தது போன்றவற்றைப் பார்த்துக் கணினி நிறுத்தும். பணம் எதற்கு வந்தது என்று ஆதாரத்தோடு விளக்கினால் வங்கியே திறந்துவிடும்.

மற்றொன்று, காவல்துறையோ நீதிமன்றமோ முடக்கச் சொல்வது. இதில் வங்கிக்கு அதிகாரம் இல்லை. கவுன்டரில் கெஞ்சினாலும் பயனில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் முடக்கினார்கள்? எந்த ஊர்க் காவல்துறை, தொடர்பு எண் என்ன, எந்தத் தேதிவரை? அதை வங்கி சொல்லும். அவசர நிறுத்தம் 48 மணி நேரத்துக்கு. பலருக்கு அது தானாகவே விலகிவிடும். முறையான முடக்கம் ஆறு மாதம். தேவைப்பட்டால் நீட்டிக்கவும் செய்வார்கள். நீங்கள் குவாங்சோவில் இருப்பீர்கள். முடக்கியது பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு மாகாணத்துச் சிற்றூர்க் காவல் நிலையமாக இருக்கும். மோசடியில் ஏமாந்தவர் அங்கே புகார் கொடுத்திருப்பார், அவருடைய பணம் கைமாறிக் கைமாறி உங்கள் கணக்கில் வந்து இறங்கியிருக்கும்.

எப்படி வந்தது? நம்மவர்கள் விஷயத்தில் விடை பெரும்பாலும் தனியார் பணமாற்றம். மருத்துவம் படிக்கும் மாணவர் கட்டணம் கட்ட யுவான் தேடுகிறார். ஏதோ ஒரு குழுவில் ஒருவர், "இந்தியக் கணக்கில் ரூபாய் போடு, உன் சீனக் கணக்கில் யுவான் போடுகிறேன், வங்கியைவிட நல்ல விலை" என்கிறார். யுவான் வந்துவிடும். ஆனால் வருவது அவருடைய கணக்கிலிருந்து இருக்காது, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து இருக்கும். அது மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் கணக்கு முடங்கும், கட்டணமும் கட்ட முடியாது, விசாரணையும் வரும். இந்தப் பரிமாற்றமே சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் விளக்கம் சொல்லவும் வாய் வராது. சில நூறு யுவான் லாபத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பே ஆட்டம் காண்பது தாங்க முடியாத விஷயம். புதிதாக வருகிற மாணவர்களுக்கு வேறெதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முடங்கிவிட்டால், அந்தப் பணம் வந்ததற்கான உரையாடல், ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் சேமியுங்கள். சீன மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காவல் நிலையத்தை நீங்களே அழையுங்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கோ உங்கள் அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். மறைத்தால் சிக்கல் வளரும். தொகை பெரிதென்றால் வழக்கறிஞர் வேண்டும். "பணம் கொடு, முடக்கத்தை எடுத்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அட்டையை யாருக்கும் இரவல் தராதீர்கள், ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டும் போகாதீர்கள். இரண்டும் குற்றம்.

சம்பளத்தை ஊருக்கு அனுப்ப முடியவில்லை

யுவானை டாலராக மாற்றும் இடத்தில்தான் நிற்கும். சீனர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர் ஒதுக்கீடு உண்டு, ஆவணம் அதிகம் கேட்க மாட்டார்கள். நமக்கு அப்படி ஒதுக்கீடு இல்லை. ஆனால் வரி கட்டிய சம்பளம் என்று நிரூபித்தால், நிரூபித்த அளவுக்கு மாற்றலாம். நீங்கள் முன்பு டாலரைக் கொடுத்து மாற்றிய யுவானில் மிஞ்சியதைத் திரும்ப டாலராக்குவதாக இருந்தால், ஆவணமே இல்லாமல் ஒரு நாளைக்கு 500 டாலர்வரை மாற்றித் தருவார்கள். அதற்கு மேல் என்றால் முன்பு மாற்றியபோது தந்த ரசீது வேண்டும், அது 24 மாதம் செல்லும்.

சம்பளத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை: பாஸ்போர்ட், பெர்மிட், வேலை ஒப்பந்தம், வேலை அனுமதி (2024 டிசம்பர் 1 முதல் இது சமூகக் காப்பீட்டு அட்டையோடு இணைக்கப்பட்டுவிட்டது), வரி கட்டிய பதிவு. வரித்துறைச் செயலியிலிருந்தே இந்தப் பதிவை முத்திரையோடு இறக்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் மாறிய பிறகு வரிப்பதிவை இணைக்காவிட்டால் இங்கேதான் வினை: புதிய எண்ணில் இரண்டு மாத வரிதான் தெரியும், வங்கியும் இரண்டு மாதச் சம்பளத்தைத்தான் அனுப்ப விடும். வரி போகக் கையில் வந்த தொகையில், முன்பே அனுப்பியதைக் கழித்து மீதியைத்தான் கணக்கிடுவார்கள். மாதாமாதம் போவதைவிட நாலைந்து மாதத்தைச் சேர்த்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. தாள்களும் அலைச்சலும் ஒரே முறையோடு போகும்.

சீன நண்பரின் ஒதுக்கீட்டில் அனுப்பித் தருகிறேன் என்று அன்போடு யாராவது சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஒதுக்கீட்டை இரவல் தருவது விதிமீறல், அவர் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறும்.

அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டதா? ஊர் வங்கியில் உங்கள் பெயரைப் பாருங்கள். அங்கே "எஸ். முத்துக்குமார்" என்று தலைப்பெழுத்தோடு இருக்கும், இங்கே அப்பா பெயர் விரிந்திருக்கும். ஊர்க் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை மாற்றுவதுதான் நிலையான தீர்வு. தொகை குறைந்து வந்தால், நடுவில் இருக்கும் வங்கி எடுத்துக்கொண்ட கட்டணம் அது.

எதிர்த்திசையிலும் ஒரு சந்தேகம் வரும்: ஊரிலிருந்து வந்த டாலர் கணக்கில் தெரிகிறது, செலவழிக்க முடியவில்லை. அதை நீங்கள்தான் யுவானாக மாற்ற வேண்டும். இதற்கு வெளிநாட்டவருக்கும் வருடத்துக்கு 50,000 டாலர் ஒதுக்கீடு உண்டு.

கவுன்டரில் "முடியாது" என்கிறார்கள்

ஊழியர் முடியாது என்று சொல்வது பெரும்பாலும் அவருடைய திரையில் ஏதோ ஒரு கட்டம் நிரம்பவில்லை என்பதால்தான். "எந்தக் கட்டம்?" என்று கேளுங்கள், திரையைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டவருக்கு வேலை செய்து பழகிய பெரிய கிளைக்கு, வாரநாள் காலையில் போங்கள். வாசலில் நிற்கும் லாபி மேனேஜரிடம் முதலில் பேசி, என்ன வேலை என்று புரியவைத்த பிறகே டோக்கன் எடுங்கள். சில வேலைகளைக் கணக்கு தொடங்கிய கிளைதான் செய்யும். அதன் பெயரை அட்டையோடு எழுதி வையுங்கள்.

அப்புறம் தொலைபேசி. ஐசிபிசி 95588, பேங்க் ஆஃப் சைனா 95566, சைனா கன்ஸ்ட்ரக்‌ஷன் பேங்க் 95533, அக்ரிகல்ச்சுரல் பேங்க் 95599, சைனா மெர்ச்சன்ட்ஸ் பேங்க் 95555, அலிபே 95188, வீசாட் பே 95017. கிளையும் தலைமையும் கைவிட்டால் மத்திய வங்கியின் 12363, நிதி ஒழுங்குமுறை அமைப்பின் 12378. பெர்மிட், பாஸ்போர்ட் சம்பந்தமாகக் குடிவரவுத் துறையின் 12367. அங்கே ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

நாட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள்

கடைசிச் சம்பளம் வந்ததும் கணக்கை மூடிவிட வேண்டாம். வருடாந்திர வரிக் கணக்கு மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை. திரும்ப வர வேண்டிய வரி, உங்கள் பெயரில் உள்ள முதல் வகைக் கணக்குக்குத்தான் வரும். ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்டிருந்தால் அதுவும் இதே கணக்கைத் தேடி வரும். இவை வந்து சேரும்வரை சீன சிம்மையும் குறைந்த கட்டணத் திட்டத்தில் உயிரோடு வைத்திருங்கள். கிளம்பும் முன் வீசாட், அலிபே மீதியை வங்கிக்கு மாற்றி, பெரும்பகுதியை ஆவணம் காட்டி ஊருக்கு அனுப்பிவிடுங்கள். வரவேண்டியது எதுவும் இல்லை என்றால் கணக்கைக் கவுன்டரில் முறையாக மூடி, மூடியதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.